கணேஷாக நடித்த இருவர்: நாயகன் மாறும் படங்களை ரசிப்பது எப்படி?

பாத்திரத்தின் பெயரும் தொழிலும் பழக்கவழக்கங்களும் அப்படியே நீடிக்க, அதை ஏற்று நடிப்பவர் மட்டும் படத்திற்குப் படம் மாறுவதை நாயக மாற்றம் எனலாம். ஏற்கெனவே சொல்லப்பட்ட ஒரு கதையை வேறொரு நடிகரைக் கொண்டு மீண்டும் எடுப்பது இதிலிருந்து வேறுபட்டது. 1980இல் ரஜினிகாந்த் நடித்த ‘பில்லா’, 2007இல் அஜித் நடிப்பில் மலேசியப் பின்னணியில் திரும்பி வந்தபோது நிகழ்ந்தது மறுஆக்கமே. நாயக மாற்றத்தில் புதிய நடிகர் பழைய கதையைத் திரும்ப நடிப்பதில்லை. முன்னவர் விட்ட இடத்திலிருந்து அடுத்த கதைக்குள் நுழைகிறார், அதனால் அவருடைய ஒவ்வோர் அசைவையும் பார்வையாளர் தமது நினைவில் இருக்கும் இன்னொருவரோடு சேர்த்தே பார்க்க நேர்கிறது. உலக அளவில் இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு, 1962 முதல் 2021 வரை ஈயான் நிறுவனம் தயாரித்த 25 ஜேம்ஸ் பாண்ட் படங்களும் அவற்றில் அந்த ஒற்றர் வேடத்தை ஏற்ற ஆறு நடிகர்களுமாகும்.

இத்தகைய படங்களைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் ‘ஆறு பேரில் யார் சிறந்தவர்’ என்ற ஒரே கேள்வியில் சிக்கி நின்றுவிடுகிறது. அது விடை காண முடியாத கேள்வி என்பதைவிட, விடை கண்டாலும் படத்தைப் பற்றி எதுவும் சொல்லாத கேள்வி என்பதே பொருந்தும். பாத்திரத்திற்கு உரியது எது, அதை ஏற்ற நடிகருக்கு உரியது எது, நடிகர் விலகியபோது அவரோடு போய்விட்டது எது, போகாமல் தங்கியது எது என்று பிரித்துப் பார்க்கும் பயிற்சியே இவ்வகை ரசனையின் அடிப்படை.

இந்தப் பயிற்சி தமிழர்களுக்குப் புதியதன்று. சங்கரதாஸ் சுவாமிகள் வகுத்துத் தந்த நாடகங்களை ஒட்டி வளர்ந்த ‘ஸ்பெஷல் நாடகம்’ என்னும் மரபில் நிலையான குழு என்று ஒன்று கிடையாது. ராஜபார்ட் எனப்படும் நாயக வேடக்காரரும் ஸ்த்ரீபார்ட் எனப்படும் நாயகி வேடக்காரரும் ஒவ்வோர் ஊருக்கும் ஒவ்வோர் இரவுக்கும் தனித்தனியே அமர்த்தப்படுவார்கள். ‘வள்ளி திருமணம்’ எல்லாருக்கும் தெரிந்த கதை என்பதால், முருகன் வள்ளியோடு நடத்தும் தர்க்கத்தை இந்த ராஜபார்ட் எப்படி வளர்க்கிறார், போன ஆண்டு வந்தவர் எங்கே நிறுத்தினார், எந்த ராகத்தில் ஏறினார் என்பதை ஒப்பிடுவதற்காகவே கூட்டம் விடியும்வரை உட்கார்ந்திருந்தது. வேடம் நிலைத்து நிற்க ஆள் மாறுவதை இப்படி ரசித்த மரபைத் தமிழ்த் திரையுலகம் தலைகீழாகத் திருப்பி, ஆள் நிலைத்து நிற்க வேடம் மாறும் நட்சத்திர முறையைக் கட்டி எழுப்பியது. தமிழ்ப் படங்களில் நாயக மாற்றம் அரிதாக இருப்பதற்கு முதன்மைக் காரணம் இதுவே.

அரிதான அந்த நிகழ்வுகளுள் சிங்கப்பூர் வாசகருக்கு மிக அருகில் உள்ளது கணேஷ் என்னும் வழக்கறிஞரின் கதை. எழுத்தாளர் சுஜாதா 1960களின் இறுதியில் ‘நைலான் கயிறு’ தொடர்கதையில் அறிமுகப்படுத்திய கணேஷ், ஒற்றர் அல்லர். நீதிமன்றத்தைவிடக் குற்றம் நடந்த இடத்தில் அதிக நேரம் செலவிடும் துப்பறியும் வழக்கறிஞர். பின்னர் அவருடன் சேர்ந்துகொண்ட இளைய வழக்கறிஞர் வசந்த், நகைச்சுவையும் சபலமும் கலந்த பேச்சால் கணேஷின் நிதானத்திற்கு எதிர்நிலையாக அமைந்தார். ஓவியர் ஜெயராஜின் கோடுகளில் இவ்விருவரையும் வாரந்தோறும் பார்த்துவந்த வாசகர்களுக்குத் திரையில் வந்த முதல் கணேஷே ஒரு மாற்று நடிகர்தான் என்பது கவனிக்கத்தக்கது. காகிதத்தில் இருந்த முகத்தின் இடத்திற்கு வேறொரு முகம் வந்தது.

அந்த முதல் முகம் ஜெய்சங்கருடையது. 1977 அக்டோபரில் வெளியான ‘காயத்ரி’யில் அவர் கணேஷாகவும் வெண்ணிற ஆடை மூர்த்தி வசந்தாகவும் நடித்தனர். ‘வல்லவன் ஒருவன்’ (1966), ‘சி.ஐ.டி. சங்கர்’ (1970) முதலிய மாடர்ன் தியேட்டர்ஸ் படங்களால் தென்னகத்து ஜேம்ஸ் பாண்ட் என்று பெயர் பெற்றிருந்த ஜெய்சங்கரோடு, பார்வையாளர் மனத்தில் ஏற்கெனவே பதிந்திருந்த துப்பறிவாளர் தோற்றமும் சேர்ந்தே வந்தது. ஒரு நடிகர் தமது முந்தைய வேடங்களிலிருந்து இப்படிச் சுமந்துவரும் நினைவுத் தொகுப்பை நட்சத்திரப் பிம்பம் என்பர். ‘காயத்ரி’யை ரசிக்க விரும்புபவர் இந்தப் பிம்பம் எங்கே கணேஷுக்கு உதவுகிறது, எங்கே கணேஷை மறைக்கிறது என்பதைத்தான் முதலில் தேட வேண்டும். ஜெய்சங்கரின் உடல்மொழியில் இருந்த அலட்டலின்மை, சுஜாதாவின் கணேஷுக்கு நெருக்கமானது. ஆனால் கதையின் விசை அவரிடம் இல்லை. மனைவியைக் கொடுமைக்கு உள்ளாக்கும் ராஜரத்தினம் என்னும் வில்லனிடம் அது இருக்கிறது. அந்த வில்லனாக நடித்தவர் ரஜினிகாந்த்.

பதினான்கு மாதங்கள் கழித்து, 1978 டிசம்பரில் வெளியான ‘ப்ரியா’வில் கணேஷாக வந்தவரும் அதே ரஜினிகாந்த்தான். பாண்ட் வரிசையில் இதற்கு இணையாக எதுவும் இல்லை; கணேஷ் எதிர்த்து நின்ற மனிதரே பின்னொரு படத்தில் கணேஷாக வந்து நிற்கிறார், இரண்டிலும் அவரோடு இருப்பவர் ஸ்ரீதேவி, இரண்டிற்கும் திரைக்கதை அமைத்தவர் பஞ்சு அருணாசலம். இடைப்பட்ட காலத்தில் ‘பைரவி’, ‘முள்ளும் மலரும்’ ஆகியவை வெளிவந்து ரஜினியை வில்லன் நிலையிலிருந்து நாயகன் நிலைக்கு நகர்த்தியிருந்ததால், எஸ்.பி. முத்துராமன் இயக்கிய ‘ப்ரியா’, கணேஷுக்கு நடிகர் தேடி எடுத்த படமாக அல்லாமல், வளர்ந்துவரும் ஒரு நாயகனுக்குப் பொருத்தமான வேடமாகக் கணேஷைக் கண்ட படமாக அமைந்தது.

அதன் விளைவுகளை ஒவ்வொன்றாகக் கவனிப்பதில்தான் சுவை. சுஜாதாவின் ‘ப்ரியா’ நாவலில் நடிகை ப்ரியாவுக்குக் காவலாகக் கணேஷ் போகும் இடம் லண்டன். திரையில் அது சிங்கப்பூரும் சுற்றுவட்டார நாடுகளுமாக மாறியது. அதாவது நாயகனோடு நகரமும் மாற்றப்பட்டது. எழுத்தில் பெண்களிடமிருந்து ஒரு கை தூரம் விலகியே நிற்கும் கணேஷுக்கு இங்கே மலேசிய நடிகை அஸ்னா ஹமீதோடு காதல் வருகிறது, இளையராஜா இசையில் பாடல்கள் வருகின்றன, சண்டைகள் வருகின்றன; தருக்கத்தால் வெல்ல வேண்டியவர் கையாலும் வெல்கிறார். சுஜாதாவின் வாசகர்கள் இதைத் திரிபு என்று குறைகூறுவது நியாயமே. ஆயினும் நாயக மாற்றத்தின் இயக்கத்தைப் புரிந்துகொள்ள, விசுவாசமான ‘காயத்ரி’யைவிட விசுவாசமற்ற ‘ப்ரியா’வே அதிகம் கற்றுத்தருகிறது, ஏனெனில் வேடத்தின் எல்லை எதுவென்று அதை நடிகர் மீறும் இடத்தில்தான் கண்ணுக்குத் தெரிகிறது.

சிங்கப்பூர்ப் பார்வையாளருக்கு இப்படத்தில் இன்னொரு அடுக்கும் உண்டு. சாங்கி விமான நிலையம் 1981இலும் எம்ஆர்டி ரயில் 1987இலும் வந்தவை என்பதால், யேசுதாஸ் குரலில் புகழப்படும் அந்த நகரம் இன்றைய நகரத்திற்கு முந்திய வேறொரு சிங்கப்பூர். லண்டனுக்குப் பதிலாக வந்த அந்த நகரமும் தன் தோற்றத்தைப் பின்னர் மாற்றிக்கொண்டுவிட்டது. இதே காலத்தில் சுஜாதாவின் கதையில் கே. பாலசந்தர் இயக்கிய ‘நினைத்தாலே இனிக்கும்’ (1979) படமும் இங்கே எடுக்கப்பட்டது என்பதால், இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பவர் நகரத்தை நடிகரைப் போலவே ஒப்பிடலாம்.

இவற்றோடு மூன்றாவதாக ‘முரட்டுக்காளை’யை (1980) சேர்த்துக்கொள்வது நல்லது. அது கணேஷ் படம் அன்று. இருந்தும் அதே முத்துராமன், அதே பஞ்சு அருணாசலம் கூட்டணியில், ரஜினி நாயகனாக நிற்க, எதிரே வில்லனாக வந்தவர் ஜெய்சங்கர். மூன்றே ஆண்டுகளில் இரு நடிகர்களும் தத்தம் இடங்களை முழுமையாக மாற்றிக்கொண்டதை இந்த மூன்று படங்களையும் வெளிவந்த வரிசையில் பார்ப்பவர் உணர்வார். நடுவில் நிற்கும் கணேஷ் வேடம், கையிலிருந்து கைக்கு மாறிய பதவிபோல் தோன்றும்.

பாண்ட் படங்களுக்குத் திரும்பினால், அங்கே மாற்றத்தைத் தாங்குவதற்கென்றே ஒரு சட்டகம் கட்டப்பட்டிருப்பது தெரியும். சட்டகம் என்பது நாயகனைச் சுற்றி மாறாமல் வைக்கப்படும் துணைப் பாத்திரங்கள், இசை, தொடக்கக் காட்சி ஆகியவற்றின் தொகுப்பு. கருவிகள் தரும் கியூவாக டெஸ்மண்ட் லூவலின் 1963 முதல் 1999 வரை ஐந்து பாண்டுகளோடு நடித்தார். உளவுத்துறைத் தலைவர் எம் ஆக பெர்னார்ட் லீ முதல் பதினொரு படங்களில் தொடர்ந்தார். துப்பாக்கிக் குழலுக்குள்ளிருந்து பார்ப்பதுபோன்ற முன்காட்சியும் அதன் இசையும் ஆள் மாறினாலும் மாறவில்லை. 1969இல் ஷான் கானரிக்குப் பதிலாக ஜார்ஜ் லேசன்பி வந்தபோது, புதியவரைப் பழைய பாண்டாக நம்பவைக்க, அவர் தமது மேசை இழுப்பறையிலிருந்து கானரி காலத்துப் படங்களின் பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கும் காட்சியே வைக்கப்பட்டது. 1973இல் ரோஜர் மூர் வந்தபோது உத்தி நேர்மாறானது: அவர் கானரியின் தொப்பியை அணியவில்லை, சிகரெட்டுக்குப் பதில் சுருட்டுப் பிடித்தார், புகழ்பெற்ற மார்ட்டினியைக் கேட்காமல் போர்பன் கேட்டார், கியூகூட அந்தப் படத்தில் இல்லை. நினைவூட்டி ஏற்கச்செய்வதும் மறக்கச்செய்து ஏற்கச்செய்வதும் ஆகிய இந்த இரண்டு வழிகளில் எதைப் படம் தேர்ந்திருக்கிறது என்று முதல் அரைமணி நேரத்திலேயே கண்டுபிடித்துவிடலாம்.

மூன்றாவது வழியொன்று 2006இல் ‘கேசினோ ராயல்’ மூலம் வந்தது. பாண்டின் வாழ்க்கையை முதலிலிருந்து தொடங்கும் இந்த முறைக்கு மறுதொடக்கம் என்று பெயர். டேனியல் கிரெய்க் புதிதாகப் பதவி பெற்ற ஒற்றராக வர, பியர்ஸ் பிராஸ்னன் காலத்திலிருந்தே எம் ஆக இருந்த ஜூடி டென்ச் அப்படியே தொடர்ந்தார். காலக் கணக்கின்படி இது முரண்தான், ஆனால் பார்வையாளர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை என்பதே சட்டகத்தின் வலிமைக்குச் சான்று.

கணேஷுக்கு மூன்றாவது, நான்காவது நடிகர் என்று ஒரு நீண்ட திரை வரிசை உருவாகாததன் காரணமும் இங்கே விளங்குகிறது. அவருக்குரிய சட்டகம் வசந்தும் சுஜாதாவின் உரைநடையும்தான். வசந்தின் குறும்பை ஒரு நடிகரால் காட்ட முடியும். வாக்கியத்தைப் பாதியில் வெட்டி வாசகரைச் சிரிக்கவைக்கும் அந்த நடையைக் காட்டக் கேமராவிடம் வழியில்லை. தேசிய நூலகத்தின் தமிழ் அலமாரியிலிருந்து ‘ப்ரியா’ நாவலை எடுத்துச் சில அத்தியாயங்கள் படித்த பின் படத்தைப் பார்ப்பவருக்கு இந்த இழப்பு உடனே புலப்படும்.

நடிகர் வரிசை உருவாகாமல் போனது கணேஷுக்கு மட்டுமன்று. லிட்டில் இந்தியாவுக்கு வடக்கே, பாலஸ்தியர் வட்டாரத்தின் ஜாலான் அம்பாஸில் இருந்த ஷா சகோதரர்களின் மலாய்ப் படப்பிடிப்புக் கூடமும் ஓர் ஒற்றரை உருவாக்கியது. ‘கெராக் கிலாட்’ (1966) படத்தில் ஜின்ஸ் ஷம்சுதீன் நடித்த ஜெஃப்ரி ஸயின், மலாய் உலகின் ஜேம்ஸ் பாண்ட் எனப்பட்டார். கூடம் 1967இல் மூடப்பட்டது. ஜெஃப்ரி ஸயின் என்ற பெயரைக் கேட்டால் நினைவுக்கு வருவது ஜின்ஸின் முகம் மட்டுமே.

தமிழ்த் திரையின் இயல்பான வழி எது என்பதற்கு ‘விக்ரம்’ சாட்சி. 1986இல் சுஜாதாவின் பங்களிப்போடு உருவான அந்த உளவுப் படத்தின் நாயகனை, 36 ஆண்டுகள் கழித்து 2022இல் லோகேஷ் கனகராஜ் மீட்டபோது இளைய நடிகர் ஒருவரைத் தேடவில்லை. கமல்ஹாசனே நரைத்த தாடியோடு திரும்பினார். பாண்டுக்கு வயது ஏறாமலிருக்க நடிகர் மாறுகிறார். விக்ரமுக்கு நடிகர் மாறாதிருக்க வயது ஏறுகிறது. இரண்டில் ஒன்று உயர்ந்தது என்று தீர்ப்பளிக்க வேண்டியதில்லை, ஆனால் பிந்தையதில் ஒப்பீட்டின் சுவை ஒரே உடலுக்குள் நிகழ்கிறது என்பதை அறிந்து பார்க்க வேண்டும்.

பார்க்கும் முறை பற்றியும் ஒரு குறிப்பு தேவை. மெக்கன்சி சாலையில் 1946இல் திறக்கப்பட்டு, 2009 முதல் தமிழ்ப் படங்களைத் திரையிட்ட ரெக்ஸ் போன்ற அரங்கில் நாயகனின் முதல் காட்சி விசிலில் மூழ்கிவிடும். அந்த ஆரவாரம் நட்சத்திரப் பிம்பத்தின் அளவைக் காட்டும், நடிப்பைக் காட்டாது. ஆகவே அறிமுகக் காட்சியைக் கூட்டத்தோடு ஒருமுறையும் வீட்டில் தனியே ஒருமுறையும் பார்ப்பது பயன் தரும். புதிய நடிகர் கதவைத் திறப்பது, கேள்விக்குப் பதில் சொல்லுமுன் எடுத்துக்கொள்ளும் இடைவெளி, அடி வாங்கும்போது முகத்தில் தெரிவது ஆகியவை வசனத்தைவிட அதிகம் சொல்லும்.

பாண்ட் வரிசையின் படைப்பு உரிமை 2025இல் அமேசான் எம்ஜிஎம் கைக்குச் சென்று, டெனி வில்னூவ் இயக்குநராக அறிவிக்கப்பட்டிருக்கும் நிலையில், ஏழாவது நடிகரின் முதல் படத்தை வைத்து மட்டும் அவரை எடைபோட வேண்டாம் என்பதைப் பழைய வரலாறு காட்டுகிறது. முதல் படம் மாற்றத்தைப் பார்வையாளர் ஏற்பதற்காகவே எடுக்கப்படுகிறது. நடிகர் தமக்கென்று ஒரு பாண்டைச் செய்யத் தொடங்குவது இரண்டாவதில்தான். அந்த இரண்டாவது படம் லேசன்பிக்குக் கிடைக்கவில்லை, ரஜினியின் கணேஷுக்கும் கிடைக்கவில்லை.