வேடத்தை வென்ற குரல்

தமிழ் நாடக மேடையிலும் தொடக்ககாலப் பேசும் படங்களிலும் பெரும்புகழ் பெற்றிருந்த கலைஞர்களைப் பற்றி வழங்கும் செய்திகளுள், ஆண் பெண் வேடத்தையும் பெண் ஆண் வேடத்தையும் ஏற்றவை இன்றைய வாசகருக்கு விந்தையாகத் தோன்றுகின்றன. அவற்றைத் தனித்தனித் துணுக்குகளாகக் கொள்ளாமல் ஒருங்கே வைத்து நோக்கினால், அக்காலத்தில் நடிகரின் முதல் தகுதியாகக் கருதப்பட்டது உருவம் அன்று, குரலே என்பது புலப்படும்.

இம்மரபு பாய்ஸ் கம்பெனிகள் எனப்பட்ட சிறுவர் நாடகக் குழுக்களில் வேரூன்றியது. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் நிறுவிய தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபை போன்ற குழுக்களில், நாயகன் வேடமாகிய ராஜபார்ட்டையும் பெண் வேடமாகிய ஸ்திரீபார்ட்டையும் சிறுவர்களே ஏற்றனர். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையின் கடைசி வரிசைவரை பாட்டு எட்ட வேண்டியிருந்ததால் உச்சத்தில் பாடும் பிள்ளைகளுக்கே மதிப்பு மிகுதி. சுருதியை ஆர்மோனியக் கட்டைகளால் அளப்பது வழக்கம். ஆண்கள் பெரும்பாலும் ஒன்று, இரண்டு கட்டையில் பாட, பெண்களும் சிறுவர்களும் ஐந்து கட்டையை ஒட்டிப் பாடுவர். பருவ வயதில் குரல்வளை வளர்ந்து குரல் உடைவதை நாடகத்தார் மகரக்கட்டு என்றனர். நேற்றுவரை கைதட்டல் பெற்ற சிறுவன், மகரக்கட்டு வந்ததும், முகமும் நடிப்புத் திறனும் மாறாதிருந்தும், முதன்மை வேடத்தை இழக்க நேர்ந்தது. பி. யு. சின்னப்பா போன்று பின்னாளில் திரையில் ஓங்கியவர்களும் இந்த இடரைக் கடந்தே வந்தனர்.

செங்கோட்டையில் 1906இல் பிறந்த எஸ். ஜி. கிட்டப்பா, வளர்ந்த பின்னரும் உச்சத்தாயியில் தடையின்றிப் பாடியதே அவருடைய தனிப்பெருமை. அவருக்கு ஈடுகொடுத்துப் பாடியவர் கொடுமுடி கே. பி. சுந்தராம்பாள். வாழ்விலும் இணைந்த அவ்விருவருள் கிட்டப்பா 1933இல் தம் 27ஆம் வயதில் மறைந்தபின், வெண்ணிற ஆடை பூண்ட சுந்தராம்பாள், ஆடவருக்கு இணையாக நடிப்பதில்லை என உறுதிபூண்டார். அவரைத் திரைக்கு அழைத்தவர்கள் அவ்வுறுதிக்கு இசைவாகக் கண்ட வழி, அவரையே ஆணாக்குவதாக இருந்தது. 1935இல் வெளிவந்த ‘பக்த நந்தனார்’ படத்தில் அவர் நந்தனாராகவும், சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர் வேதியராகவும் தோன்றினர். அப்படத்திற்கு அவர் பெற்ற ஊதியம் ஒரு லட்சம் ரூபாய். ஆண் வேடமிட்ட பெண் ஒருவருக்கு அத்தொகை வழங்கப்பட்டதிலிருந்தே குரலின் சந்தை மதிப்பு விளங்கும்.

ஆறாண்டுகள் கழித்து, 1941இல், எம். எஸ். சுப்புலட்சுமி ‘சாவித்திரி’ படத்தில் நாரதராக நடித்தார். ‘கல்கி’ இதழைத் தொடங்குவதற்கான பொருள் அந்நடிப்பால் கிடைத்தது. மறுதிசையில், மதுரைச் சபையில் பயின்ற டி. கே. சண்முகம் மேடையில் ஔவையாராக நடித்து, ‘அவ்வை’ என்னும் அடைமொழியையே பெயரோடு சேர்த்துக்கொண்டார். அதே மூதாட்டியின் வேடத்தை 1953இல் ஜெமினி நிறுவனத்தின் படத்தில் ஏற்றவர், முன்பு நந்தனாராக நடித்த சுந்தராம்பாளே.

இந்த ஏற்பாட்டைத் தளர்த்தியது பின்னணிப் பாடல் முறை. 1938இல் வெளிவந்த ‘நந்தகுமார்’ படத்தில் லலிதா வெங்கட்ராமன் பாட, திரையில் மற்றொருவர் வாயசைத்தார். குரல் ஒருவருடையதாகவும் உருவம் வேறொருவருடையதாகவும் இருக்கலாம் என்றானபின், பாடத் தெரியாதவரும் நாயகராக வழி பிறந்தது. குரலின் பொருட்டு வேடத்தின் பாலைப் பொருட்படுத்தாதிருந்த ரசனையும் மெல்ல விடைபெற்றது.

ஆகவே அக்கால நட்சத்திரங்களை நிழற்படங்களைக்கொண்டு மட்டும் மதிப்பிடுவது குறையுடையதாகும். திரைப்படம் எதிலும் தோன்றாமலே மறைந்த கிட்டப்பாவின் பாட்டு இசைத்தட்டுகளில் இன்றும் கேட்கக் கிடைக்கிறது. ஒரு தலைமுறை தன் நாயகர்களை எதனால் தேர்ந்தது என்பதை அங்கேதான் நேராக அறிய முடியும்.