பத்திரிகையை எடைபோடுதல்

"இவன்ட பேப்பர் நமக்கு எதிராத்தான் எழுதும்" என்று தேநீர்க்கடையில் ஒருவர் சொன்னால், மற்றவர்கள் தலையாட்டிவிடுகிறோம். எத்தனை செய்தி, எந்தப் பக்கத்தில், என்ன சொல்லில் என்று கேட்டால் யாரிடமும் பதில் இல்லை. கோபம் நியாயமானதாகவே இருக்கலாம். ஆனால் கணக்கில்லாத கோபத்தை எந்த ஆசிரியபீடமும் பொருட்படுத்தப் போவதில்லை.

பத்திரிகையை அளப்பவர்கள் வழக்கமாக இரண்டை அளப்பார்கள். ஒன்று, எந்த விடயத்துக்கு எவ்வளவு இடம் கொடுக்கப்பட்டது என்பது. 1968 அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலின்போது மக்கோம்ப்ஸ், ஷா என்ற இரு ஆய்வாளர்கள் சப்பல் ஹில் நகரில், யாருக்கு வாக்களிப்பது என்று முடிவெடுக்காத 100 பேரிடம் பேசினார்கள். ஊடகங்கள் எவற்றை அழுத்தினவோ அவற்றையே வாக்காளர்களும் முக்கியம் என்றார்கள். 1972 இல் வெளிவந்த அந்த ஆய்வு இன்றும் இத்துறையின் பாலபாடம். மற்றது, செய்தியின் தொனி. நல்ல சொல், கெட்ட சொல் என்று பட்டியல் போட்டு இப்போது கணினியே அதை எண்ணிவிடுகிறது. எனக்குச் சிக்கல் இந்த இரண்டாவதில்தான்.

உயர்தர வகுப்பில் ஒருநாள் மூன்று வாக்கியங்களைக் கரும்பலகையில் எழுதினேன். மூன்றும் நானே ஆக்கியவை.

"தொற்றினால் மரணித்தோரின் சடலங்கள் தகனம் செய்யப்பட்டன."

"முஸ்லிம்களின் ஜனாஸாக்களை அரசாங்கம் எரித்தது."

"சடலங்களை எரிப்பதற்கு முஸ்லிம்கள் எதிர்ப்பு."

சொற்பட்டியலுக்கு மூன்றும் ஒன்றுதான். மரணம், சடலம், எரிப்பு, எதிர்ப்பு எல்லாமே கெட்ட சொற்கள். ஆனால் இலக்கணம் படித்த பிள்ளைக்கு வித்தியாசம் உடனே தெரியும். முதல் வாக்கியம் செயப்பாட்டுவினை. செய்தவர் யாரென்றே இல்லை. தகனம் என்ற சொல், மரித்தவருக்கு ஒரு கடமை செய்யப்பட்டதுபோலவும் தொனிக்கிறது. மூன்றாவதில் நாமே எழுவாய். மையித்தைப் பறிகொடுத்தவன் குழப்பக்காரனாகிவிடுகிறான். "அப்ப ரெண்டாவதுதான் சரி, சேர்" என்றார்கள் பிள்ளைகள். அதுவும் முழுமையில்லை என்றேன். கொவிட்டினால் இறந்த எல்லோரையும் எரிக்க வேண்டும் என்பதே விதி. அடக்கம் செய்யும் கிறிஸ்தவர்களும் அதில் அகப்பட்டார்கள். நமக்குப் பிடித்த வாக்கியம் என்பதற்காக அதற்கு முழுப் புள்ளி கொடுக்க முடியாது.

ஆகவே, தொனி நல்லதா கெட்டதா என்று கேட்பது போதாது. யாரைப் பற்றி, யாருடைய வாயால் என்று கேட்க வேண்டும். 2020 ஏப்ரல் 11 வர்த்தமானி எரிப்பைக் கட்டாயமாக்கியது. டிசம்பர் 1 இல் உயர் நீதிமன்றம் மனுக்களைத் தள்ளுபடி செய்தது. 2021 பெப்ரவரியில் அடக்க அனுமதி வந்து, மார்ச்சில் ஓட்டமாவடியில் நல்லடக்கம் தொடங்கியது. 2024 ஜூலையில் மன்னிப்புக் கேட்க அமைச்சரவை முடிவெடுத்தது. இந்தச் செய்திகளைச் சுகாதாரம் என்ற தலைப்பில் போடுவதா, மதம் என்பதிலா, அடிப்படை உரிமை என்பதிலா? எண்ணத் தொடங்குமுன்னரே தீர்ப்புச் சொல்லியாகிவிடுகிறது. அடக்கமும் செய்யலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் வழிகாட்டியிருந்தது. அதைச் செய்தி குறிப்பிட்டதா, இல்லையா? மையித்துக்குரிய குடும்பம் பேசியதா, அதிகாரி மட்டும் பேசினாரா? மன்னிப்புச் செய்திக்கு, எரிப்புச் செய்திக்குக் கிடைத்த பக்கம் கிடைத்ததா? இவையெல்லாம் ஆம், இல்லை என்று கோடு போட்டு எண்ணக்கூடியவை.

இதே அளவுகோலை நமது பத்திரிகைகள் மீதும் வைக்க வேண்டும். 1951 ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம், விவாகப் பதிவில் மணமகளின் கையொப்பத்தைக் கேட்கவில்லை. திருத்தம் பற்றி ஆராய 2009 இல் சலீம் மர்சூப் தலைமையில் நியமிக்கப்பட்ட குழு, 2018 இல்தான் அறிக்கை கையளித்தது. இவ்விடயத்தில் நாம் வெளியிட்ட செய்திகளில் எத்தனை பெண்கள் பேசினார்கள்? காழி நீதிமன்ற வாசலில் காத்திருந்தவள் எத்தனை தடவை எழுவாயாக வந்தாள்? மற்றவன் நம் குரலை விட்டுவிட்டான் என்று எண்ணும் விரல், நம் வீட்டுக் குரலையும் எண்ணத்தான் வேண்டும்.

பெரிய நிதியோ கணினியோ தேவையில்லை. ஒரு விடயம், ஒரு மாதம், ஒரு கொப்பி, இரண்டு பேர் போதும். இருவரும் தனித்தனியே வாசித்துக் குறிக்க வேண்டும். பிறகு ஒப்பிட வேண்டும். முடிந்தால் ஒருவர் நம்மவரல்லாதவராக இருப்பது நல்லது. இருவருக்கும் கருத்து வேறுபடும் இடங்களை அழித்துவிடாதீர்கள். தொனி எங்கே ஒளிந்திருக்கிறது என்பதை அவைதான் காட்டித்தரும். அந்தக் கொப்பியோடு ஆசிரியபீடத்துக்குப் போனால், "எதிராத்தான் எழுதுறீங்க" என்று சொல்ல வேண்டியிராது. கணக்கை மேசையில் வைத்தால் போதும்.