கமலா வைத்திருந்த கடிதங்கள்

‘கண்மணி கமலாவுக்கு’ படித்திருக்கிறீர்களா? 1948-ல் காலமான புதுமைப்பித்தன் மனைவிக்கு எழுதிய கடிதங்கள். கதைகளில் யாரையும் விடாமல் நக்கலடித்த மனுஷர், இதில் காசுக் கவலையிலும் பிரிவிலும் தவிக்கிறார். ஊர் படிக்கட்டும் என்று எழுதாததுதான் புத்தகத்தின் பலம். கமலா பத்திரமாக வைத்திருந்தார், நமக்குக் கிடைத்தது.

நான்? நாகர்கோவிலில் டயல்-அப்பை விட்டு பிராட்பேண்டுக்கு மாறியபோது, பழைய கம்பெனி தந்த மெயில் முகவரியும் போச்சு. வளைகுடாவிலிருந்து தம்பி எழுதிய ‘பணம் வந்துச்சாண்ணே, அம்மைக்கு முட்டுவலி எப்படியிருக்கு’ எல்லாம் அதோடு காலி.

பி.காம். படிச்சும் புரியலை... அது வாடகை வீடு. சந்தா நின்றால் வெளியேற வேண்டியதுதான். நீங்களாவது இணைப்பை வெட்டுமுன் மெயில்களைச் சொந்தக் கம்ப்யூட்டரில் இறக்கி, இன்னொரு நகலும் எடுத்துவையுங்கள். பழைய டிஸ்கி எழுத்தில் இருந்தால் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் திறந்தாலும் வெறும் கிறுக்கல்தான்.

புதுமைப்பித்தன் கடிதங்களுக்குப் பாஸ்வேர்டு கிடையாது. உங்களுடையதற்கு உண்டு. வீட்டில் ஒருத்தரிடமாவது சொல்லி வையுங்கள்!