புட்டியின் பின்பக்கம்

அமெரிக்கக் கடைகளில் விற்கும் எடைக்குறைப்பு மூலிகை மாத்திரைப் புட்டியை நான் ஒரு பிரதியாக வாசிக்கிறேன். முன்பக்கம் பெரிதாக ‘இயற்கை’. பின்பக்கம் பொடி எழுத்தில், இக்கூற்றை அரசு மதிப்பிடவில்லை என்ற வாசகம். 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி இது மருந்தல்ல, உணவுத் துணைப்பொருள். விற்பனைக்கு முன் அரசின் ஒப்புதல் வேண்டியதில்லை. ஆகவே, ‘என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?’ என்று மருத்துவர் கேட்டால், கண் மஞ்சளித்துப் போன பெண் ‘எதுவுமில்லை’ என்கிறாள்.

அங்கே 2014இல் வெளியான ஓர் ஆய்வு என்னை உறுத்துகிறது. உடற்கட்டுக்கான துணைப்பொருள்களால் கல்லீரல் கெட்டவர்கள் எல்லோரும் ஆண்கள். அவர்களில் ஒருவரும் சாகவில்லை. மற்றத் துணைப்பொருள்களால் கெட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பெண்கள். இந்தக் குழுவில் 13 சதவீதத்தினருக்கு மரணம் அல்லது மாற்றுக் கல்லீரல். வழக்கமான மருந்துகளால் கெட்டவர்களில் அது 3 சதவீதம்தான். (கிரீன் டீ சாரமும் இதில் அடக்கம். நாம் குடிக்கும் டீ அல்ல, செறிவாக்கி மாத்திரையில் அடைத்தது.)

1970இல் வாஷிங்டனில், செனட் விசாரணையின் நடுவே பெண்கள் எழுந்து கேள்வி கேட்ட பிறகுதான் கருத்தடை மாத்திரையோடு அபாயங்களைச் சொல்லும் தாள் வந்தது. உன் உடலை நீயே பார்த்துக்கொள் என்று அந்தப் பெண்களின் மொழியிலேயே பேசி விற்கிறார்களே, இந்தப் புட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் இருக்கிறது. அப்படியொரு தாள் இல்லை.