கட்டத்தின் நகலும் கதையின் உயிரும்

சித்திரக் கதையைத் திரைப்படமாக்குவோர் எதற்கு உண்மையாயிருத்தல் வேண்டும்? வரைந்த கோட்டிற்கா, அக்கோடு உணர்த்தும் பொருளுக்கா? திரைக்கு வந்த அமெரிக்கக் குற்றக் கதைகள் இரண்டு இவ்வினாவிற்கு இருவேறு விடைகளைத் தருகின்றன.

முதலாவது, ஃபிராங்க் மில்லர் 1991ஆம் ஆண்டு முதல் எழுதி வரைந்த 'சின் சிட்டி'. கரிய மையும் வெள்ளைத் தாளுமே அதன் உலகம். இடைப்பட்ட சாம்பல் நிறத்திற்கு அங்கே இடம் அரிது. ராபர்ட் ரோட்ரிகெஸ் 2005இல் இதனைப் படமாக்கியபோது, மில்லரையே உடன் இயக்குநராக அமர்த்தினார். அதற்கு இயக்குநர் சங்க விதி இடந்தராமையால் சங்கத்தினின்றே விலகினார். வரைந்தவனுக்கு அவர் செய்த இச்சிறப்பு போற்றற்குரியது. நடிகர்களைப் பச்சைத் திரையின்முன் நடிக்கச் செய்து, பின்னணியைக் கணிப்பொறியால் அமைத்து, நூலின் கட்டங்கள் பலவற்றை அவ்வாறே அசையச் செய்தார். கறுப்பு வெள்ளைக்கிடையே ஒரு சிவப்பு ஆடை, ஒரு கொடியவனின் மஞ்சள் மேனி எனச் சில வண்ணங்கள் மட்டும் ஒளிர்ந்தன. கண்ணுக்கு அது வியப்பே.

ஆயினும், நகலெடுத்ததில் ஒன்று நழுவிப்போயிற்று. தாளில் குருதி என்பது ஒரு மைத்துளி. கட்டத்திற்கும் கட்டத்திற்கும் இடையிலுள்ள வெற்றிடத்தை நிரப்புபவன் வாசகன். நின்று நோக்கவோ, பக்கத்தைப் புரட்டிக் கடக்கவோ அவனுக்கு உரிமை உண்டு. திரையிலோ காலம் இயக்குநரின் கையிலுள்ளது. மைத்துளி இருந்த இடத்தில் உயிருள்ள மனிதனின் முகமும் குரலும் வந்துவிடுகின்றன. அம்மனிதன் சிதைக்கப்படுவதும் ஓர் அழகிய கோலமாகவே காட்டப்படும்போது, நம் உள்ளம் வருந்த மறந்து இரசிக்கப் பழகுகிறது.

இரண்டாவது, மேக்ஸ் ஆலன் காலின்ஸ் எழுத, ரிச்சர்ட் பியர்ஸ் ரேய்னர் வரைந்து 1998இல் வெளிவந்த 'ரோடு டு பெர்டிஷன்'. கொள்ளைக் கூட்டத் தலைவனிடம் பணிபுரியும் ஒரு கொலையாளியின் மகன், தந்தை உடனிருக்கும் கொலையொன்றைக் கண்டுவிடுகிறான். தாயும் தம்பியும் கொல்லப்பட, தந்தையும் மகனும் ஊரைவிட்டு ஓடுகின்றனர். 2002இல் இதனை இயக்கிய சாம் மெண்டிஸ் நூலின் கட்டங்களை நகலெடுத்தாரல்லர். நூலில் தந்தையின் கையால் மாண்டோர் மிகப் பலர். அவ்வெண்ணிக்கையையும் படம் குறைத்தது.

மழை பொழியும் இரவில் நிகழும் பழிவாங்கலைக் காண்க. துப்பாக்கி வெடிக்கிறது, ஓசை கேட்பதில்லை, இசை மட்டும் ஒலிக்க, ஆட்கள் ஒவ்வொருவராய்ச் சாய்கின்றனர். தன்னை மகன்போல் பேணிய முதியவரின் எதிரே இறுதியில் அவன் நிற்கிறான். அங்கு வெற்றிக் களிப்பில்லை, இழப்பே நிறைந்திருக்கிறது. இப்படத்தின் ஒளிப்பதிவாளர் கான்ராட் ஹால் 2003 ஜனவரியில் மறைந்தார். அவ்வாண்டே ஆஸ்கார் பரிசு அவர் பெயருக்கு வழங்கப்பெற்றது.

இவ்விரண்டிலும் ஒளியும் நிழலும் உண்டு, ஒப்பனைக்கும் குறைவில்லை. முன்னதில் ஒப்பனையே முடிவாகிறது. பின்னதில் அது துயரத்திற்குத் துணைநிற்கிறது. 2014இல் அதே முறையில் வந்த 'சின் சிட்டி' இரண்டாம் படம் வசூலில் தோற்றது. வியப்பு ஒருமுறைதான் புதிது. மகன் முகத்தை நோக்க அஞ்சும் தந்தையின் துயரமோ, எத்தனை முறை கண்டாலும் பழையதாவதில்லை. வீட்டில் பிள்ளைகளுடன் அமர்ந்து இத்தகு படங்களைக் காண்போர், கட்டம் ஒத்திருக்கிறதா என்பதினும், விழுந்த உயிருக்கு அங்கே எடை இருக்கிறதா என்று வினவுதலே தக்கது.