மெய்க்கீர்த்தியும் பட்டினப்பாலையும்: எதை நாம் போற்றுவது?

கெடாவில் தமிழர் கூடும் எந்த மேடையிலும், அது பள்ளிக்கூட ஆண்டு விழாவாயினும் தோட்டத்துத் திருவிழாவாயினும், ‘கடாரங்கொண்டான்’ என்னும் பட்டப்பெயர் ஒரு முறையேனும் ஒலிக்காமல் கூட்டம் கலைவதில்லை. கரகோஷத்துக்கும் குறைவிருப்பதில்லை. நாமும் அக்கூட்டங்களில் அமர்ந்து கைதட்டியவர்களே. ஆயினும், வீடு திரும்பும் வழியில் நம் உள்ளத்தில் ஓர் ஐயம் எழுவதுண்டு. கடாரத்தைப் பற்றித் தமிழில் உள்ளது இராஜேந்திர சோழனுடைய மெய்க்கீர்த்தி ஒன்றுதானா? அதற்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்ட பட்டினப்பாலையிலும் கடாரம் வருகின்றதே; அதை எடுத்துப் பேசுவோர் ஏன் இல்லை? இவ்விரண்டையும் ஒருங்கே வைத்து, எது மனிதனை மனிதனாகக் காண்கிறது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் மெய்க்கீர்த்தியைப் பார்ப்போம். 1025-ம் ஆண்டளவில் இராஜேந்திரனுடைய கப்பற்படை கடல் கடந்து வென்ற ஊர்களைத் தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டு வரிசையாகக் கூறுகின்றது. ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், நக்கவாரம், கடாரம் என ஊர்தோறும் ஓர் அடைமொழி உண்டு. ஓர் ஊருக்கு ஆழ்கடலே அகழி. மற்றோர் ஊருக்கு மலைமேற் கோட்டை. இன்னோர் ஊருக்குத் தேன் சொரியும் சோலை. சொற்கள் படை நடப்பதுபோல் நடக்கின்றன. அதன் ஓசையழகை மறுப்பார் யார்? ஆனால், அவ்வூர்களில் வாழ்ந்த மக்கள் எங்கே? கடாரத்தைச் சேர்ந்தவருள் பெயரோடு வருபவன் சிறைப்பட்ட அரசனாகிய சங்கிராம விசயோத்துங்கவர்மன் ஒருவனே. அவனும் யானைகளோடும், நிதிக்குவியலோடும், பெயர்த்தெடுத்த தோரண வாயிலோடும் ஒரே வரிசையில் வைத்து எண்ணப்படுகின்றான். கவர்ந்த பொருள்களுள் மனிதனும் ஒரு பொருளாய்விட்டான்.

இதற்குச் சுமார் இருபது ஆண்டுகள் முன்பு நிலைமை வேறாக இருந்தது. இராஜராஜன் காலத்தில் கடாரத்தரசர் பெயரால் நாகப்பட்டினத்தில் சூளாமணி விகாரம் என்னும் பௌத்தப் பள்ளி எழுந்தது. அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரைச் சோழ மன்னன் தானமாக விட்ட செய்தியைச் செப்பேடுகள் கூறுகின்றன. வேற்று நாட்டான் வேற்று மதத்துக்கு எழுப்பிய பள்ளிக்குத் தமிழ் மண்ணில் இடமும் வருவாயும் கிடைத்தன. அந்த நட்பு ஏன் முறிந்தது என்பதை மெய்க்கீர்த்தி சொல்லவில்லை. ஆனைமங்கலத்தைப் பற்றி நம் மேடைகளும் சொல்லுவதில்லை.

இனிப் பட்டினப்பாலைக்கு வருவோம். கடியலூர் உருத்திரங்கண்ணனார் கரிகாலனைப் பாடிய இந்நூல் காவிரிப்பூம்பட்டினத்துக் கடைவீதியைக் காட்டுகின்றது. கடல் வழி வந்த குதிரைகள், மிளகு மூட்டைகள், கங்கை வளம், ஈழத்து உணவு ஆகியவற்றோடு காழகத்துப் பொருள்களும் அங்கே குவிந்து கிடக்கின்றன. காழகம் என்பது கடாரமே என்று நச்சினார்க்கினியர் உரை எழுதினார். நம் கெடா முதன்முதல் தமிழிலக்கியத்தில் நுழைவது வாணிபச் சரக்கோடு என்பதை நேயர்கள் கருத வேண்டும்.

அங்கும் கடாரம் சரக்காகத்தானே வருகிறது என்று எவரேனும் வினவலாம். நியாயமான வினாவே. ஆனால், புலவர் சரக்கோடு நின்றுவிடவில்லை. அச்சரக்கைக் கையாளும் வணிகருடைய நெஞ்சையும் காட்டுகின்றார். பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணுதல், கொள்ளும்போது மிகுதியாகக் கொள்ளாமை, கொடுக்கும்போது குறைத்துக் கொடாமை ஆகியவை அவர்தம் ஒழுக்கம். அதற்கும் அப்பால், பல மொழி பேசும் பல தேசத்தார் தத்தம் நாடு விட்டு வந்து, அப்பட்டினத்தில் உள்ளூராரோடு கலந்து இனிது வாழ்ந்தனர் என்கின்றார். அம்மக்களைக் குறிக்கப் புலவர் ஆண்ட சொல் ‘புலம்பெயர்’ என்பது. இன்று நாம் நம்மையே குறித்துக்கொள்ளும் சொல் அது. அன்று அது தமிழர் ஊருக்கு வந்த அந்நியரைக் குறித்தது. அதில் இகழ்ச்சியின் நிழல்கூட இல்லை.

பட்டினப்பாலையைக் குற்றமற்ற நூலென்று நாம் கூற வரவில்லை. அதன் பிற்பகுதி கரிகாலன் பகைவர் நாட்டைப் பாழாக்கியதைப் புகழ்கின்றது. அங்கே, ஊர்ப் பொதுமன்றத்தில் அந்தி விளக்கேற்றியவர் போரிற் பிடிபட்ட பெண்கள் என்றும் வருகிறது. அடிமைத்தனத்தைக் கண்டும் புலவர் அதைக் கண்டிக்கவில்லை. அது அந்நூலின் குறையே. எனினும், அழிவை எதனால் அளக்கின்றார் என்று பாருங்கள். புதிதாய் வந்தவர்கள் தங்கியிருந்த பொதுமன்றத்தில் இப்போது யானைகள் தூண்களை உரசி நிற்கின்றன என்கின்றார். அந்நியனுக்குத் தங்குமிடம் இல்லாது போதலே ஓர் ஊரின் வீழ்ச்சி என்பது அவருடைய கண்ணுக்குத் தெரிந்திருக்கின்றது. மெய்க்கீர்த்திக்கு இந்தக் கண் இல்லை.

“தோட்டத்தில் கூலி என்று இழிக்கப்பட்ட மக்களுக்குத் தலைநிமிர ஒரு பெருமை வேண்டாமா? கடாரங்கொண்டான் அதைத் தந்தானே!” என்பர் சிலர். அவர்தம் வேதனையை நாம் அறிவோம். கங்காணி ஆள்கட்டி அழைத்துவர, கப்பலேறிப் பினாங்கில் இறங்கி, ரப்பர்க் காட்டுக்குள் மறைந்தவர்களின் பேரப்பிள்ளைகளே நாம். ஆனால், அவர்கள் தலை நிமிர்ந்தது எவ்வாறு? 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு வைத்த கோரிக்கைகளுள் ஒன்று, துரையைக் கண்டதும் மிதிவண்டியை விட்டு இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பது. நம் கெடாவிலும் 1946, 1947 ஆண்டுகளில் பீடோங் ஹார்வார்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்து, கள்ளுக்கடைக்கு எதிராகக் கிளர்ந்தது. அதற்காகப் போலீசாரின் அடக்குமுறைக்கும் ஆளாயிற்று. நாங்களும் மனிதர்கள், எங்களை மனிதராக நடத்துங்கள் என்பதே அவர்கள் கேட்டது. பிறரை வென்ற பெருமை அக்கோரிக்கைகளில் எங்கும் இல்லை.

நிற்க. இன்று அந்த லயங்களில் இருப்பவர் யார்? ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. நம் மக்களில் பலர் பட்டணத்துக்குப் பெயர்ந்தனர். அவர்கள் விட்ட இடத்தில் வங்காளதேசத்திலிருந்தும், நேப்பாளத்திலிருந்தும், இந்தோனேசியாவிலிருந்தும் கடன்பட்டு வந்தவர்கள் வேலை செய்கின்றனர். பட்டணத்துச் சாப்பாட்டுக் கடைகளில் தட்டுக் கழுவுவோரும் பெரும்பாலும் அத்தகையோரே. நம்மவர் கடையொன்றில் நாம் ஒருமுறை அமர்ந்திருந்தபோது, முதலாளி ஒரு தொழிலாளியைக் கைதட்டி, அவருடைய தேசப் பெயரைக் குறுக்கி, ஏவலாகக் கூப்பிட்டார். அவருடைய பெயர் என்னவென்று நாம் முதலாளியைக் கேட்டோம். மூன்று ஆண்டுகளாக வேலை செய்பவரின் பெயர் அவருக்குத் தெரியவில்லை. அவர் கெட்டவரல்லர், கோயிலுக்கு வாரி வழங்குபவர். கடைச் சுவரில் சோழர் புலிக்கொடியும் தொங்கியது.

நம் பாட்டனைத் துரையும் கிராணியும் இப்படித்தான் அழைத்தனர். அவருக்கும் ஒரு பெயர் இருந்தது. பெரட்டுக் களத்தில் அதைக் கேட்டவர் இல்லை. அந்த அவமானத்தின் கதையை வீட்டில் கண்ணீரோடு சொல்லிவிட்டு, கடைக்கு வந்து அதே குரலில் மற்றொருவனை ஏவுவோமாயின், நாம் கற்றது யாது?

மெய்க்கீர்த்தியைக் கல்லிலிருந்து செதுக்கி எறியச் சொல்லவில்லை. அது வரலாறு; இருக்கட்டும். பிள்ளைகளுக்கு மேடைப் பேச்சுக்கு எழுதிக் கொடுக்கும் ஆசிரியர்களும், அதைக் கேட்டுக் கைதட்டும் நாமும், பட்டினப்பாலையின் அந்தக் கடைவீதியையும் பிள்ளைகளுக்குச் சொல்லுவோமாக. சொல்லிவிட்டு, நம் கடையிலும் தோட்டத்திலும் வேலை செய்யும் அந்நியரிடம் சென்று, “உங்கள் பெயர் என்ன?” என்று கேட்போமாக. கடாரத்தில் வாழும் தமிழனுக்கு அதைவிடத் தகுந்த இலக்கியப் பயிற்சி வேறில்லை என்பதே நம் முடிவு.