பாவ உணர்வும் இரட்சிப்பும்: முந்தியது எது?

தன்னைப் பாவி என்று ஒருவர் உணர்வது இரட்சிப்புக்கு முன் ஏறவேண்டிய படியா, இரட்சிப்பு உள்ளே வேலை செய்யத் தொடங்கிவிட்டதன் அடையாளமா? கிறிஸ்தவ இறையியல் பதினாறு நூற்றாண்டுகளாக இந்தக் கேள்வியைச் சுற்றி வந்திருக்கிறது. பாவ உணர்வு வேண்டும் என்பதில் சபைகளிடையே பெரிய வழக்கு இல்லை. 51ஆம் சங்கீதமும், லூக்கா 18இல் மார்பில் அடித்துக்கொண்டு நிற்கும் ஆயக்காரனும் எல்லாருக்கும் பொது. வழக்கெல்லாம் வரிசையைப் பற்றியது. அதைவிடக் கடுமையான வழக்கு, எவ்வளவு உணர்ந்தால் போதும் என்பதைப் பற்றியது.

397 முதல் சுமார் 400 வரை அகஸ்டின் எழுதிய ‘அறிக்கைகள்’ தன் பாவத்தைத் தேடிப் பார்ப்பதையே ஒரு வாழ்க்கை வரலாறாக்கியது. சிறுவயதில் பேரிக்காய் திருடியதற்கு அவர் பல பக்கங்கள் ஒதுக்குகிறார்; பசியில்லாமல், திருட்டின் சுகத்துக்காகவே திருடியதுதான் அவரை உறுத்துகிறது. மனிதன் தன் முயற்சியால் பாவம் செய்யாமல் இருக்க முடியும் என்ற பெலாஜியஸின் போதனையை அவர் எதிர்த்தார். 418இல் கார்த்தேஜில் கூடிய ஆயர் மன்றம் அந்தப் போதனையைக் கண்டித்தது. பரிசுத்தவான்கள் ‘எங்கள் கடன்களை மன்னியும்’ என்று ஜெபிப்பது வெறும் பணிவுக்காகத்தான், உண்மையில் அவர்களிடம் பாவம் இல்லை என்று சொல்பவர்களையும் அம்மன்றம் சபித்தது.

1215இல் நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம், புத்தி தெளிந்த வயதை எட்டிய ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையாவது பாவசங்கீர்த்தனம் செய்யவேண்டும் என்று விதித்தது. குருக்களுக்கான கையேடுகள் பெருகின, பாவங்கள் வகைப்படுத்தப்பட்டன. நரகத்துக்கு அஞ்சி வரும் வருத்தம் போதுமா, கடவுள்மீதுள்ள அன்பால் வரும் உத்தம மனஸ்தாபமே வேண்டுமா என்ற விவாதம் நீண்டது. 1551இல் திரெந்து பொதுச்சங்கம், அச்சத்தால் வரும் வருத்தமும் கடவுளின் கொடையே, அது மனிதனை அருட்சாதனத்துக்கு ஆயத்தப்படுத்துகிறது என்று தீர்ப்பளித்தது. பலவீனரை மனதில் வைத்த தீர்ப்பு இது.

இந்த ஏற்பாட்டுக்குள் மூச்சுத் திணறியவர் மார்ட்டின் லூத்தர். துறவியாக இருந்தபோது மணிக்கணக்கில் பாவசங்கீர்த்தனம் செய்தும், எதையோ விட்டுவிட்டோம் என்ற பயம் அவரை விடவில்லை. நியாயப்பிரமாணம் குற்றத்தைக் காட்டும், சுவிசேஷம் மன்னிப்பை அறிவிக்கும் என்று அவர் பிரித்தார். ஆனால் 1537இல் அவருடைய நண்பர் யோகான் அக்ரிகோலாவே, மனந்திரும்புதலைப் பிறப்பிக்கச் சுவிசேஷம் போதும், பிரமாணம் தேவையில்லை என்று வாதிட, இருவருக்கும் பகை மூண்டது. கால்வினோ விசுவாசத்திலிருந்துதான் மனந்திரும்புதல் பிறக்கிறது என்றார். 1563இன் ஹைடல்பர்க் வினாவிடை மனித அவலம், மீட்பு, நன்றி என்ற வரிசையில் செல்கிறது. ஆனாலும் அதன் முதல் கேள்வி ஆறுதலைப் பற்றியது. 129 கேள்விகளில் அவலத்துக்குக் கிடைத்தவை ஒன்பதே.

அளவுகோல் மிகக் கறாராகப் பயன்பட்ட இடம் 17ஆம் நூற்றாண்டு நியூ இங்கிலாந்து. மாசசூசெட்ஸின் தூய்மைவாதச் சபைகளில் முழு உறுப்பினராகச் சேர விரும்பியவர், தேவன் தன்னை எப்படி நொறுக்கினார், எப்படித் தேற்றினார் என்று விவரிக்கவேண்டும். கேம்பிரிட்ஜ் போதகர் தாமஸ் ஷெப்பர்டு குறித்துவைத்த அத்தகைய சாட்சிகள் இன்றும் கிடைக்கின்றன. விளைவு எதிர்பார்க்கக்கூடியதே: அடுத்த தலைமுறையில் பலருக்குச் சொல்லத்தக்க கதை இல்லை. அவர்களுடைய பிள்ளைகளுக்கும் ஞானஸ்நானம் கொடுக்க 1662இல் ஒரு பாதிவழி ஏற்பாடு செய்யவேண்டியிருந்தது. பின்னாளில் பாவிகளை நடுங்க வைத்த பிரசங்கத்துக்காகப் பெயர்பெற்ற ஜோனதன் எட்வர்ட்ஸ்கூட, இளமையில் தன் அனுபவம் முன்னோர் வகுத்த படிவரிசையில் அமையவில்லையே என்று நாட்குறிப்பில் கவலைப்பட்டவர்.

இங்கிலாந்தில் ஜான் பனியன் இந்த அனுபவத்தைக் கதையாக்கினார். 1678இல் வந்த ‘மோட்சப் பிரயாண’த்தில், முதுகிலிருக்கும் பாவச் சுமை சிலுவையடியில் விழுவதற்கு முன்பே பயணி ஒரு சேற்றில் சிக்குகிறான். பாவ உணர்வோடு கூடவே வரும் அச்சமும் அவநம்பிக்கையும் வந்து தேங்கும் சேறு அது. பாவ உணர்வு ஆளையே அமிழ்த்திவிடவும் கூடும் என்பது பனியனுக்குத் தெரியும். வைணவக் குடும்பத்தில் பிறந்து 1858இல் ஞானஸ்நானம் பெற்ற எச். ஏ. கிருஷ்ணபிள்ளை, இதே கதையைத் தழுவி 1894இல் ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்ற காப்பியத்தைத் தமிழில் தந்தார்.

ஜெர்மனியின் ஹாலே நகரப் பக்தி இயக்கத்திலும் இதே சிக்கல்தான். 1687இல் லூனபர்க்கில் பிரசங்கத்துக்குத் தயாரானபோது தன் அவிசுவாசத்தைக் கண்டு கலங்கி, பிறகு தெளிவடைந்த ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கேயின் அனுபவம், அங்கே மனந்திரும்புதலின் போராட்டத்துக்கு முன்மாதிரியாயிற்று. 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்குவும் புளூட்சோவும் அந்த வட்டாரத்திலிருந்து வந்தவர்கள். ஹாலேயில் பயின்ற சின்சென்டார்ஃபோ, இப்படியொரு போராட்டத்தை எல்லாருக்கும் கட்டாயமாக்குவதை மறுத்தார். அறையப்பட்ட கிறிஸ்துவைப் பார்ப்பதே போதும் என்பது அவர் நிலை.

1963இல் சுவீடன் நாட்டு அறிஞர் கிறிஸ்டர் ஸ்டென்டால் விவாதத்தின் அடித்தளத்தையே அசைத்தார். குற்ற உணர்வில் புழுங்கும் மனச்சாட்சி பவுலுடையது அல்ல, அகஸ்டினும் லூத்தரும் பவுலுக்குள் வாசித்தது என்றார். பிலிப்பியர் 3இல், நியாயப்பிரமாணத்தின்படி தான் குற்றமற்றவன் என்று பவுல் தயக்கமின்றிச் சொல்வது அவருக்குச் சான்று. ரோமர் 7ஐ அவர் விளக்கிய விதம் எல்லாரையும் திருப்திப்படுத்தவில்லை.

1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க்கில் கத்தோலிக்கரும் லூத்தரன் உலகச் சம்மேளனமும் நீதிமானாக்கப்படுதல் பற்றிய கூட்டறிக்கையில் கையெழுத்திட்டபோது, வரிசை பற்றிய கேள்விக்கு ஓரளவு பொதுவான விடை கிடைத்தது. பாவி தன் சொந்த வலிமையால் கடவுளிடம் திரும்ப இயலாது என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. மனிதன் தரும் சம்மதமும் அருளின் விளைவே என்று கத்தோலிக்கத் தரப்பு விளக்கியது. நீதிமானாக்கப்பட்டவனை இன்னும் பாவி என்றே அழைக்கலாமா என்பதில் மட்டும் இரு தரப்பும் தத்தம் பழைய நடையிலேயே பேசின.